களவியல்: பாரிஸ் பாடம்

நூல் என்று ஒன்று எழுதத் துணிந்தால் அதற்குப் பாயிரம் வேண்டும். பாயிரம் இல்லாமல் நூலுக்குள் நுழைவதும் சீட்டு வாங்காமல் மெட்ரோவுக்குள் தாவுவதும் ஒன்றுதான். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூலார் எட்டு உறுப்புகள் சொல்கிறார். நின்ற நிலையிலேயே முடித்துவிடுகிறேன். ஆக்கியோன் பெயர்: ஏமாந்தவன் பெயரைக் கேட்பது நாகரிகம் அல்ல. வழி: இது முதல்நூலும் அல்ல, சார்புநூலும் அல்ல, வழியில் நடந்தபோது நேர்ந்ததால் வழிநூல். எல்லை: வடக்கே மோன்மார்த்ர் குன்று, மேற்கே ஈஃபில் கோபுரம், நடுவே சேன் ஆறு, கிழக்கும் தெற்கும் போய்ச் சேர்வதற்குள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. யாப்பு: இடையிடையே நூற்பா வரும், தளை தட்டினால் பொறுத்துக்கொள்க. நுதலிய பொருள்: பிறர் பொருள். கேட்போர்: ‘ஒன்பது நாளில் ஆறு நாடு’ என்று பணம் கட்டியவர்கள், மகன் வேலை பார்க்கும் ஊரைப் பார்க்கப் போகிற பெற்றோர், தேனிலவுக்காரர்கள். பயன்: வீடு திரும்பியதும், தான் ஏமாறவே இல்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வது.

எட்டாவதான நூற்பெயருக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம் வேண்டும். தமிழ் இலக்கணத்தில் களவு என்றால் திருட்டு அல்ல. கல்யாணத்துக்கு முந்திய காதல். அற்றேல், திருட்டைப் பற்றிய நூலுக்குக் காதலின் பெயர் எற்றுக்கு எனின், இரண்டும் நடக்கிற முறை ஒன்றே ஆகலின் என்க. தலைவன் சோலையில் தலைவியைக் காண்கிறான், அது காட்சி. இவள் தெய்வமகளோ மானிட மகளோ என்று மயங்குகிறான்; அது ஐயம். சூடிய பூ வாடுகிறது, கண் இமைக்கிறது, கால் நிலத்தில் படிகிறது; ஆகவே மானிடமே என்று தேறுகிறான்; அது தெளிவு. பாரிஸ் நகர்க் களவிலும் இந்த மூன்றும் வரிசை பிசகாமல் வருகின்றன. வேறுபாடு ஒன்றுதான். அகப்பொருளில் தெளிவு பிறக்கும்போது தலைவி எதிரில் நிற்பாள். பாரிஸில் தெளிவு பிறக்கும்போது எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பாயிரத்துக்கு அடுத்து காப்பு. நம் புலவர்கள் காப்பைப் பாடுவார்கள். பாரிஸில் கட்டிவிடுகிறார்கள்.

மோன்மார்த்ர் குன்றின் உச்சியில் சாக்ரே-கேர் பேராலயம் இருக்கிறது. 1875இல் தொடங்கி 1914இல் கட்டி முடித்த வெள்ளைக் கோயில். அடிவாரத்தில் பூங்கா, பூங்காவிலிருந்து படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு தொடங்கும் இடத்தில், நம்மூர் மலைக்கோயில் அடிவாரத்தில் தேங்காய்க் கடைக்காரர்கள் நிற்பதைப் போல, சிலர் நிற்கிறார்கள். கையில் தேங்காய் இல்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல்கண்டு. “நண்பா, எந்த ஊர்? இந்தியாவா? ஷாருக் கான்!” என்றார் ஒருவர். நான் ஷாருக் கான் இல்லை என்பதைத் தெரிவிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் என் வலதுகைச் சுட்டுவிரலில் நூலின் ஒரு முனை ஏறிவிட்டது. விரலை ஆணியாக வைத்து, மூன்று இழையையும் மாற்றி மாற்றி முறுக்கி, பூக்கட்டுகிற வேகத்தில் பின்னிக்கொண்டே வந்தார். “பரிசு, நண்பா, பரிசு. அதிர்ஷ்டம் வரும்.” முழுதாக அரை நிமிஷம் ஆகியிருக்காது. மணிக்கட்டில் சுற்றி முடிச்சும் போட்டாயிற்று. அந்த முடிச்சு பல்லால் கடித்தாலும் அவிழாத ஜாதி. பிறகு நிதானமாக, “இருபது யூரோ” என்றார்.

இந்த வித்தை எல்லா நாட்டாரிடமும் பலிக்கிறது என்றாலும் தமிழரிடம் கூடுதலாகப் பலிக்க வேண்டும் என்பது என் துணிபு. ஜெர்மானியருக்குக் கயிறு கட்டுவது அத்துமீறல். அவர் கையை இழுத்துக்கொள்வார். நாமோ பிறந்த பதினாறாம் நாளிலிருந்து யார் யாரிடமோ கையை நீட்டிக்கொண்டே இருக்கிறோம். அரைஞாண், காப்பு, கங்கணம், காசிக்கயிறு, மந்திரித்த கயிறு. கோயில் வாசலில் நூலும் கையுமாக ஒருவரைக் கண்டால் நம் வலதுகை மூளையைக் கேட்பதில்லை. முடிச்சு விழுந்தவுடன் தட்சிணை என்பதும் ரத்தத்தில் ஊறியது. பேரம் பேசிப் பத்து யூரோ கொடுத்தேன், ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். உடன் வந்த என் மனைவி, இந்நூலின் பல இடங்களில் மறுப்புரை எழுதப் போகிறவள், அப்போதே முதல் மறுப்பைப் பதிவு செய்தாள். “ஏங்க, ஊர்ல ஐயர் கட்டினா பத்து ரூபாய்க்கே சில்லறை தேடுவீங்களே!”

இதற்கு நூற்பா:

நூலொடு வருவோன் நட்புரை கூறின்
கால்நடை விரைக கைபை புகவே.

இதன் பொருள்: நூலோடு வருகிறவர் நட்புப் பாராட்டினால் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டு விரைந்து நடக்க. ‘கால்நடை’ என்றது நடையை. ஆடுமாடு எனப் பொருள் கொள்வாரும் உளர். கயிறு கட்டப்படுவோர் அவரே. நடக்க மனமில்லாதவர்கள் 1900ஆம் ஆண்டிலிருந்து குன்றேறிக்கொண்டிருக்கும் இழுவை ரயிலில் போகலாம். மெட்ரோ சீட்டே போதும், கையும் வெறுமையாக இருக்கும்.

இனி முன்னோர் மொழிந்த பொருள். கரவடம் என்பது திருட்டுக்குப் பழைய பெயர். அத்துறைக்கு நம் இலக்கியத்தில் பாடத்திட்டம் வகுத்தவன் மதுரைப் பொற்கொல்லன். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், பிடிக்கப் போன காவலர்கள் கோவலனின் முகத்தைப் பார்த்துவிட்டு, திருடன் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஒரு சொற்பொழிவு நிகழ்த்துகிறான். திருடர்களுக்குத் துணை எட்டாம்: இடம், காலம், கருவி, தந்திரம், மந்திரம், மருந்து, தெய்வம், நிமித்தம். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. கேட்டவர்களில் ஒருவருக்காவது, இந்த ஆளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. அரசியின் சிலம்பை அடித்தவன் அவன்தான். ஆகவே திருட்டைப் பற்றி நிறையப் பேசுகிறவர்களிடமிருந்து ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று அக்காப்பியத்திலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். இக்கட்டுரையாசிரியரும் விலக்கு அல்லர்.

பாரிஸ் மெட்ரோ இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. முதல் எண் தடத்தில், லூவ்ரையும் ஷான்செலிசேயையும் தொட்டுப் போகிற தடம், ரயில் நின்றதும் ஒலிபெருக்கி பல மொழிகளில் பிக்பாக்கெட் எச்சரிக்கை சொல்கிறது. சொல்லி முடிப்பதற்குள் பெட்டியில் உள்ள வெளியூர்க்காரர்கள் அத்தனை பேரும், தத்தம் பணம் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டிவிடுகிறார்கள். ஒருவர் பின்பாக்கெட்டைத் தட்டுகிறார். ஒரு அம்மாள் கோட்டுக்குள் கைவிட்டு இடதுபக்கம் தடவுகிறார். நானும் பெல்ட்டுக்கு அடியில் கட்டியிருந்த துணிப்பையை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். கதவோரம் நின்றிருந்த ஓர் இளைஞர், கோயிலில் தீபாராதனை பார்க்கிற கவனத்தோடு, ஒவ்வொரு கையும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழில்காரரா வெறும் வேடிக்கைக்காரரா என்பது தெரியவில்லை. இருவருக்கும் கிடைத்த தகவல் ஒன்றுதான்.

எட்டுத் துணைகளில் நிமித்தத்தை இவர்கள் கையாள்கிற நேர்த்தியைச் சொல்லாமல் தீராது. லூவ்ருக்குப் பக்கத்தில் துய்லெரி தோட்டத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கி நடந்தோம். எதிரே வந்த நடுவயதுப் பெண் எங்களுக்கு இரண்டடி முன்னால் சட்டென்று குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு மோதிரம். கல் இல்லை, வேலைப்பாடு இல்லை, ஆண்கள் அணிகிற கனமான கல்யாண வளையம். வெயிலில் மின்னிற்று. “உங்களுடையதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையைச் சொல்லிவிட்ட பெருமிதம் எனக்கு. அவர் தம் விரலில் போட்டுப் பார்த்தார், நுழையவில்லை. உட்புறம் குத்தியிருந்த முத்திரையை நகத்தால் காட்டினார்: 18. அவரது மதம் நகை அணிய அனுமதிக்காதாம். கடவுள் உங்களுக்காகத்தான் போட்டிருக்கிறார், அதிர்ஷ்டம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு நடந்தும் போய்விட்டார்.

இங்கேதான் கலையின் உச்சம். பத்தடி போனவர் நின்றார், தயங்கினார், திரும்பி வந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஒரு சாண்ட்விச்சுக்கு ஏதாவது முடியுமா? தங்கத்தையே தூக்கிக் கொடுத்தவருக்குச் சாண்ட்விச் வாங்கித் தர மறுக்கும் கல்நெஞ்சன் யார்? என் கை துணிப்பையை நோக்கிப் போயிற்று.

மனைவி அந்த மோதிரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தாள். உரைகல் இல்லை, தராசு இல்லை. “பித்தளை” என்றாள். பிறகு ஆய்வு நோக்கில் சேர்த்துக்கொண்டாள்: “பதினெட்டுன்னு வேற போட்டிருக்கு. நம்மூர்ல இருபத்திரண்டுக்குக் கீழே இருந்தா அதைத் தங்கம்னே யாரும் சொல்றதில்ல. பொய் சொல்றவங்க கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடாதா?” பிரான்சில் பதினெட்டு கேரட் என்பதே மரியாதையான தங்கம், 1838 முதல் அதற்குக் கழுகுத் தலை முத்திரை குத்துகிறார்கள் என்று நான் பிற்பாடு படித்துச் சொன்னேன். அவள் அசையவில்லை. அந்தப் பெண்ணோ தமிழ் தெரியாமலேயே தீர்ப்பைப் புரிந்துகொண்டார். மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல், கடைசி ஓவரில் தோற்ற ஆட்டக்காரரைப் போலத் தலையசைத்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜப்பானியத் தம்பதியின் முன்னால் குனிந்துகொண்டிருந்தார்.

மோதிரம் கண்டெடுத் தீவோர்க் காணின்
பாதம் பெயர்த்தல் பண்பெனப் படுமே.

‘பண்பு’ என்றது என்னை? கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது பண்பில்லாத செயலாயிற்றே எனின், நன்று கடாயினாய். இந்நூலின் நடுநாடி அதுவே. பேராசையால்தான் ஏமாறுகிறார்கள் என்று உலகம் சொல்லும். என் சிற்றறிவுக்கு அப்படிப் படவில்லை. நூல்காரரிடம் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. கையை வெடுக்கென்று இழுத்தால் அவர் மனம் புண்படுமே என்று பார்த்தேன். மோதிரக்காரியிடம் உண்மை பேசினேன். இரண்டு இடத்திலும் என்னைக் கவிழ்த்தது, சின்ன வயதில் எனக்குப் புகட்டிய மரியாதை.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து, அன்று மாலை லா சப்பல்லில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் விரித்துரைத்தேன். வடக்கு ரயில்நிலையத்துக்குப் பின்னால், தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள் தொங்குகிற பகுதி அது. முப்பது வருஷமாக அங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார். என் கோட்பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, எங்களுக்கு இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, உதெல்லாம் எனக்குத் தெரியாது. றோட்டிலை ஆரும் மறிச்சா நில்லாதேயும். நிண்டா முடிஞ்சுது.”

நான் ஆறு பக்கத்தில் எழுதவிருந்ததை ஆறு சொல்லில் முடித்துவிட்டார். தொகுத்துச் சுட்டல் என்னும் உத்தி அதுதான். அன்றிலிருந்து இதை நிற்றல் கோட்பாடு என்று வழங்கிவருகிறேன்.

கோட்பாடு கையில் கிடைத்த மறுநாளே அதை மீறி ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். லூவ்ரின் கண்ணாடிப் பிரமிடுக்கு அருகே, அட்டையில் காகிதம் செருகிய இரண்டு இளம்பெண்கள். காது கேளாதோருக்கு உதவுகிற விண்ணப்பமாம். தாமும் பேச இயலாதவர்கள் என்று சைகை செய்தார்கள். நாட்டின் பெயர், ஊர், கையெழுத்து என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் தொகைக்கு. எனக்கு முன் கையெழுத்திட்ட வள்ளல்கள் இருபது, முப்பது என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் தலைப்பெழுத்தோடு, பட்டத்தையும் சேர்த்து, நிதானமாக எழுதினேன். அந்த நிதானம்தான் அவர்களுக்குத் தேவை. அட்டை என் வயிற்றுக்கு நேரே, கைப்பைக்கு மேலே கூரை போட்டிருந்தது. கூரைக்கு அடியில் இன்னொரு கை வேலை செய்துகொண்டிருந்தது. பொற்கொல்லன் சொன்ன கருவி இதுவே. பை ஜிப்பைத் திறந்து எடுத்துக்கொண்டு போனது என்னவென்றால், என் மனைவி வழிப்பயணத்துக்குக் கட்டிவைத்திருந்த இஞ்சிமரப்பாப் பொட்டலம். அது பர்ஸ் பருமனில் இருந்தது எங்கள் பாக்கியம். எடுத்தவர் தின்று பார்த்தாரா என்பது மேலாய்வுக்குரியது.

பேச முடியாததுபோல நடிப்பது இந்நகருக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ‘அற்புதங்களின் முற்றம்’ என்று ஒரு சேரி இருந்தது. பகலெல்லாம் தெருவில் முடவராகவும் குருடராகவும் பிச்சை எடுத்தவர்கள், இரவில் அந்த முற்றத்துக்குள் நுழைந்ததும் நடந்தார்கள், பார்த்தார்கள். அதனால் அந்தப் பெயர். 1667இல் நகரக் காவலுக்குத் தலைவராக வந்த லா ரேனி அதைக் கலைத்தார். முற்றம் போயிற்று. அற்புதங்கள் இடம் மாறின.

தந்திரத்துக்கு வருவோம். ஈஃபில் கோபுரத்தையும் த்ரொகதெரோவையும் இணைக்கிற யேனா பாலத்தில் நடைபாதையில் ஒரு துணி அல்லது அட்டை. அதன்மேல் கவிழ்த்த மூன்று கிண்ணங்கள். ஒன்றினடியில் சின்னப் பந்து. கண்டுபிடித்தால் ஐம்பது யூரோவுக்கு நூறு. கிண்ணத்துக்கு நம்மிடம் செப்பு என்று பெயர் உண்டு. செப்படி வித்தை என்ற சொல்லை நாம் அரசியல்வாதிகளுக்கு மட்டும் பயன்படுத்திப் பயன்படுத்தி, அது செப்புக்கு அடியில் நடக்கிற வித்தை என்பதையே மறந்துவிட்டோம். சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரில் ஒரு அம்மாள் ஜெயிக்கிறார், ஒரு தாத்தா ஜெயிக்கிறார், எல்லோரும் ஆளுக்கொரு ஐம்பதைக் கையில் மடித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் அதே கம்பெனிக் கலைஞர்கள். சீட்டை வைத்து ஆடும் இதே மோசடிக்குப் பிரெஞ்சில் பொன்னெதோ என்று பெயர். ஜெயிப்பதுபோல் நடிக்கிற கூட்டாளியைப் பரோன் என்பார்கள், அதாவது பிரபு. கூட்டத்தில் பிரபு அல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு விசில் கேட்டால் துணி சுருண்டுவிடும், பிரபுக்கள் நாலு திசையிலும் கரைந்துவிடுவார்கள்.

இதற்கு மூலச் சான்று ஓவியத்தில் இருக்கிறது. பாரிஸுக்கு மேற்கே சான் ஜெர்மான் ஆன் லே நகராட்சிக்குச் சொந்தமாக ஐந்நூறு ஆண்டுப் பழைய படம் ஒன்று உண்டு. ஹியரோனிமஸ் பாஷ் வரைந்தது என்பர். அவரைப் பின்பற்றியவர் வரைந்தது என்பாரும் உளர். மேசைமேல் செப்பும் பந்தும். வித்தைக்காரனை நோக்கி வாயைப் பிளந்து குனிந்திருக்கிறார் ஒருவர். அவருக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனிதர் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அவருடைய கை மட்டும் குனிந்தவரின் இடுப்புப் பணப்பையில் இருக்கிறது. பாடப்புத்தகமாக வைக்கத் தக்க படம். 1978இல் அந்தப் படத்தையே திருடிவிட்டார்கள். மறு ஆண்டு திரும்பக் கிடைத்தது.

இவர்கள் எல்லோரும் சில்லறை வணிகர்கள். மொத்த வணிகத்துக்கு ஒரே பெயர் விக்டர் லுஸ்டிக். ஈஃபில் கோபுரத்தை 1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக இருபது ஆண்டு அனுமதியில் எழுப்பினார்கள். கம்பியில்லாத் தந்திக்கு உதவியதால் தப்பித்து நின்றது. பராமரிப்புச் செலவு பெரிது. 1925இல் செய்தித்தாளில் அந்தச் செலவைப் பற்றிப் படித்த லுஸ்டிக், அஞ்சல் தந்தித் துறையின் உயர் அதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டு, பழைய இரும்பு வியாபாரிகளை ஓர் ஆடம்பர ஓட்டலுக்கு வரவழைத்தார் என்பது வழிவழி வந்த கதை. கோபுரத்தைப் பிரித்து விற்க அரசு முடிவு செய்துவிட்டது, விஷயம் வெளியே போகக்கூடாது. ஏழாயிரத்துச் சொச்சம் டன் இரும்பு. நம் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரர் இருந்திருந்தால், எத்தனை அராபியத் தோப்பு வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

கதையில் என் மனசுக்குப் பிடித்த கட்டம் இனித்தான். வாங்க வந்தவருக்குக் கடைசியில் சந்தேகம் தட்டியது. லுஸ்டிக் குரலைத் தாழ்த்தி, அரசுச் சம்பளத்தில் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆரம்பித்தார். லஞ்சம் கேட்கிறார் என்று புரிந்ததும் வியாபாரியின் சந்தேகம் பறந்துவிட்டது: லஞ்சம் கேட்கிறாரா, அப்படியானால் அசல் அதிகாரிதான்! இந்த இடத்தைத் தமிழர்களுக்கு விளக்கி உரை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஏமாந்தவர் வெட்கத்தால் போலீசுக்குப் போகவில்லை. அந்தத் தைரியத்தில் லுஸ்டிக் அதே கோபுரத்தை இன்னொரு முறை விற்கப் பார்த்தார். கடைசியில் அமெரிக்காவில் கள்ளநோட்டு வழக்கில் அகப்பட்டு அல்கட்ராஸ் சிறைக்குப் போனார். பொற்கொல்லனின் எட்டோடு ஒன்பதாவதாக வெட்கத்தையும் சேர்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. நான் பத்து யூரோ கொடுத்ததை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவது ஆய்வின் பொருட்டு.

கோபுரத்தடியில் கொத்தாக வளையத்தில் கோத்துச் சின்னச் சின்னக் கோபுரங்கள் விற்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர்கள் கேட்கிற விலைக்குக் கோபுரம் ஒன்று கையில் வருகிறது. லுஸ்டிக்கிடம் அதுவும் வரவில்லை. மருந்து என்று பொற்கொல்லன் சொன்னது ஆளை மயக்குகிற மருந்தை. அதைக் கோபுரமே வழங்குகிறது. இருட்டியபின் மணிக்கொரு தரம், ஐந்து நிமிஷத்துக்கு, இருபதாயிரம் விளக்குகள் மினுங்கும். புல்வெளியில் உள்ள அத்தனை பேரும் அண்ணாந்து போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். இடமும் காலமும் மருந்தும் ஒருங்கே கூடும் அந்த ஐந்து நிமிஷத்தில், கீழே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் யார் என்பதே கேள்வி. மெட்ரோவில் காலம் என்பது இன்னும் நுட்பம்: கதவு மூடப் போகிறது என்று மணி அடிக்கும் நொடி. கை உள்ளே வரும், போன் வெளியே போகும், கதவு சாத்திக்கொள்ளும். கண்ணாடிக்கு அப்பால் உங்கள் போன் நடந்து போவதை நீங்கள் அடுத்த நிலையம்வரை நினைத்துக்கொண்டு போகலாம்.

உள்ளூர்க்காரர்களே பொறுமை இழந்ததுண்டு. 2013 ஏப்ரலில் லூவ்ர் காவலாளிகள் பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் வேலையை நிறுத்த, அருங்காட்சியகம் ஒரு நாள் பூட்டிக் கிடந்தது. 2015 மே மாதம் ஈஃபில் கோபுரத்திலும் அதே காரணத்துக்கு அதே கதை. சட்டம் இல்லாமல் இல்லை. மோசடிக்கு ஐந்தாண்டுச் சிறையும் 3,75,000 யூரோ அபராதமும் என்று பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம் 313-1ஆம் பிரிவில் இருக்கிறது. பித்தளை மோதிரத்துக்கு அவ்வளவு தூரம் யார் போகிறார்கள்?

சட்டப்படி நடக்கிற களவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏடிஎம்மில் யூரோ எடுக்கப் போனால், மிகுந்த அக்கறையோடு, உங்கள் கணக்கில் ரூபாயாகவே கழித்துக்கொள்ளட்டுமா என்று திரை கேட்கும். சரி என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரமே வைத்துக்கொள்ளும். நூல்காரராவது கயிறு கொடுத்தார். யூரோ என்றே அழுத்துக. சார்ல் த கோல் விமான நிலையத்தில் வெளிவாசலுக்கு முன்பே “டாக்சி, டாக்சி” என்று காதோரம் கிசுகிசுப்பவர்களைத் தாண்டி, வரிசையில் நிற்கிற டாக்சிக்குப் போக வேண்டும். 2016 முதல் நகருக்குள் நிலைக்கட்டணம். நான் போனபோது ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. உணவகத்தில் வெறுமனே ‘வாட்டர்’ என்றால் முத்திரை போட்ட கண்ணாடிப் புட்டி வரும், பில்லிலும் வரும். அங்கே சொல்ல வேண்டிய மந்திரம்: “ஊன் கராஃப் தோ, சில் வூ ப்ளே.” குழாய்த் தண்ணீர் கூஜாவில் வரும். சாப்பாட்டோடு கொடுக்கும் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் தனிக்காசு வாங்கக்கூடாது என்று 1967ஆம் ஆண்டு அரசாணை இருக்கிறது. மந்திரம் திருடர்களுக்குத்தான் துணை என்று பொற்கொல்லன் சொன்னது இந்த ஓரிடத்தில் பிழை.

எஞ்சியது தெய்வம். அது மோதிரத்திலேயே அடங்கிற்று.

கோட்பாடு என்று ஒன்று இருந்தால் விதிவிலக்கையும் சொல்வதே நேர்மை. கடைசி நாள் பிற்பகல் பலே ரொயால் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். எழுந்து வெளிவாசலை நோக்கி நடந்தபோது பின்னாலிருந்து “மெஸ்யூ! மெஸ்யூ!” என்று ஒரு குரல். ஓரக்கண்ணால் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய அம்மாள், கையில் எதையோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு வருகிறார். கண்டெடுத்த பொருள், அதிலும் பின்னாலிருந்து! நில்லாதேயும் என்று அண்ணையின் குரல் காதில் ஒலித்தது. கைகளைச் சட்டைப்பைக்குள் நுழைத்து, நூற்பாவில் விதித்தபடி கால்நடையை விரைவுபடுத்தினேன். மனைவியும் எப்போதும் இல்லாத ஒற்றுமையோடு என் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தாள். குரல் விடவில்லை. தூண் வரிசையைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம். பாதசாரி விளக்குச் சிவப்பு. அந்த அம்மாள் மூச்சு இரைக்க வந்து சேர்ந்து, என் தோளைத் தட்டி, கையில் இருந்ததை நீட்டினார்.

என் மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே கண்ணாடியும் இருந்தது. பெஞ்சில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மூன்று நாள் களப்பணி என் கையைப் பழக்கிவிட்டிருந்தது. அது தானாகவே துணிப்பைக்குள் போயிற்று. வாயும் தானாகவே ஆங்கிலத்தில் கேட்டது: “எவ்வளவு?”

அந்த அம்மாள் அதற்குச் சொன்ன விடை சற்று நீளமானது; முழுவதும் பிரெஞ்சு; தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அப்பகுதி ஏட்டில் செல்லரித்துப் போனமையால் இப்பதிப்பில் சேர்க்க இயலவில்லை.